பி.காம். முடிச்சிட்டு தொல்லியல் எம்.ஏ. போலாமா? போனவன் சொல்றேன்

போன மாசம் மட்டும் நாலு பேர் கேட்டுட்டாங்க, "அண்ணா கீழடி வீடியோ பாத்தேன், தொல்லியல் படிக்கணும்னு ஆசையா இருக்கு, ஆனா நான் பி.காம்., சேர விடுவாங்களா"ன்னு. நானே பி.காம். தான்பா. அது முடிச்சிட்டு தான் பண்டைய வரலாறும் தொல்லியலும் எம்.ஏ. சேர்ந்தேன். பல இடத்துல எந்த டிகிரி இருந்தாலும் எடுத்துக்கறாங்க, நீங்க போற யுனிவர்சிட்டி ப்ராஸ்பெக்டஸ்ல மட்டும் ஒருதடவ பாத்துக்கோங்க. சேர்றது கஷ்டமே இல்ல, சேர்ந்தப்பறம் மொத செமஸ்டர்ல தான் அடி விழும்.

எனக்கு விழுந்த அடி இது. மொத இன்டர்னல்ல சங்ககால வணிகம் பத்தி கேள்வி. நமக்கு தான் தெரியுமேன்னு யவனர் கப்பல், முசிறி, மிளகு, பாண்டிய முத்துன்னு எட்டு பக்கம் பொளந்து கட்டிட்டேன், ஸ்கூல் பேச்சுப் போட்டில எல்லாம் ப்ரைஸ் வாங்கினவன் வேற. வந்தது 25க்கு 9. மார்ஜின்ல மேடம் சிவப்பு பேனால "எப்படித் தெரியும்?"னு எழுதியிருந்தாங்க, அடுத்த பேராலயும் அதே, நாலாவது பக்கத்துக்கு மேல அவங்களுக்கே சலிச்சுப் போயி வெறும் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாங்க. அன்னிக்கு செம கோவம். ஆனா ரெண்டு வருஷமும் அந்த ஒரு கேள்விய வெச்சு தான் ஓட்டினேன், உங்களுக்கும் அதையே தான் சொல்லப்போறேன்.

புதுச்சேரி பக்கத்துல இருக்கற அரிக்கமேட்டையே எடுத்துக்கோங்க. "ரோமானியர்கள் இங்க வணிகம் பண்ணாங்க"ன்னு எழுதினா ஒண்ணும் தேறாது. 1945ல மார்ட்டிமர் வீலர்ங்கற பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர் அங்க தோண்டினப்ப இத்தாலில செஞ்ச அரட்டைன் வகை பானை ஓடுங்க கிடைச்சுது. அது எந்தக் காலத்துல செஞ்சதுன்னு ஐரோப்பால ஏற்கனவே கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க, அதனால அந்த ஓடு கிடந்த மண்ணடுக்குக்கு கி.பி. முதல் நூற்றாண்டுன்னு காலம் சொல்ல முடிஞ்சுது, அத புடிச்சுக்கிட்டு கூடவே கிடந்த நம்மூர் பானை ஓடுகளுக்கும் காலம் சொல்ல முடிஞ்சுது, தென்னிந்தியாவுல வேற எடத்துல அதே மாதிரி ஓடு கிடைச்சா அதுக்கும். இது தான் பதில். இன்னும் மார்க் வேணும்னா அடுத்ததையும் சேத்துக்கோங்க: உள்பக்கம் வளையம் வளையமா புள்ளி வெச்ச ரௌலட்டட் ஓட்டை ரொம்ப நாள் ரோமானிய தொடர்போடயே சேத்து பேசிட்டிருந்தாங்க, பின்னாடி அது இந்தியாவுலயே செஞ்சதுன்னு தெரிஞ்சுது. 1989லேருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி குழு மறுபடி தோண்டினப்பறம் அந்த ஊரோட ஆரம்பமும் ரோமானிய சரக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு. மொத ஆள் சொன்னத ரெண்டாவது ஆள் எத வெச்சு மாத்தினார்னு எழுதத் தெரிஞ்சா போதும், பேப்பர் திருத்தறவங்க நிமிந்து உக்காந்துடுவாங்க.

இதுல நெறைய பேர் வழுக்கற எடம் பொருந்தல். பழனி பக்கத்துல பேராசிரியர் கா.ராஜன் தோண்டின ஈமச்சின்னம், அதுல கிடைச்ச நெல்லுக்கு கி.மு. 490னு ரேடியோகார்பன் காலம் வந்துச்சு, அதே குழில தமிழி எழுத்து (தமிழ் பிராமின்னும் சொல்வாங்க, பழைய தமிழ் எழுத்து) பொறிச்ச பிரிமனையும், அதாவது பானைய நிக்க வெக்கற வளையமும் இருந்துச்சு. உடனே "எழுத்துக்கு கி.மு. 490"னு எழுதிடுவோம். காலம் பாத்தது நெல்லுக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல உள்ள வெச்சதுங்கறத வெச்சு தான் எழுத்துக்கு வர்றோம், அந்த நடு ஸ்டெப்ப எழுதணும், அத ஒத்துக்காம வாதாடறவங்களும் இருக்காங்கன்னு ஒரு வரி போடணும். அதெல்லாம் போட்டா நம்ம பெருமை கொறஞ்சுடுமோன்னு சில பசங்களுக்கு பயம், அந்த பயத்தோட வர்றவங்களுக்கு இந்த சப்ஜெக்ட் ரொம்ப கஷ்டம்.

கார்பன் டேட்டிங் கெமிஸ்ட்ரின்னு மெரளாதீங்க. கார்பன்-14ல பாதி அழிய ஆகற காலம், அதாவது அரை ஆயுள் 5730 வருஷம், இந்த முறைய கண்டுபிடிச்ச லிப்பி ஆரம்பத்துல வெச்சது 5568, பி.பி.ன்னு (பிஃபோர் ப்ரெசன்ட்) போட்டா 1950லேருந்து பின்னால எண்ணணும், வந்த காலத்த நிஜ வருஷக் கணக்குக்கு சரி பண்ற கேலிப்ரேஷன் ஏன் பண்றாங்கன்னு நாலு வரி. கேள்வி பெரும்பாலும் இதுக்குள்ளயே சுத்தும்.

கல்வெட்டு பேப்பர மட்டும் கடைசி வாரத்துக்கு தள்ளாதீங்க, ப்ளீஸ். தமிழி, வட்டெழுத்து, சோழர் கால தமிழ் எழுத்து, கிரந்தம், இதெல்லாம் பாத்து மனப்பாடம் பண்ற விஷயம் இல்ல, கை எழுதி எழுதி பழகணும். நான் தினம் பஸ்ல அன்னிக்கு நியூஸ் பேப்பர்ல வந்த தலைப்புச் செய்திய தமிழி எழுத்துல எழுதிப் பாப்பேன், பக்கத்து சீட்டு பெரியவர் ஒருத்தர் இது என்ன மந்திரமா தம்பின்னு கேட்டிருக்காரு. ரெண்டு மாசத்துல, திருக்கோவிலூர் பக்கம் இருக்கற ஜம்பை கல்வெட்ட படிக்க வந்துடுச்சு, அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளின்னு ஒரே வரி தான், ஆனா அதுல "ஸதியபுதோ"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. அசோகர் தன்னோட ரெண்டாவது பாறைக் கல்வெட்டுல சோழர் பாண்டியரோட சேத்துச் சொன்ன சதியபுத்திரர் யாருன்னு வருஷக்கணக்கா சண்டை, 1981ல இந்த ஒத்த வரி கிடைச்சு, அது அதியமான் மரபு தான்னு முடிச்சு வெச்சுது. எப்படித் தெரியும்ங்கறதுக்கு இதவிட அழகான பதில் எனக்குத் தெரியாது.

காலேஜ்ல பாடம் நடத்தறதுக்கான தகுதித் தேர்வான நெட் எக்ஸாமுக்கு ஆர்க்கியாலஜி தனி சப்ஜெக்ட், கோட் 67, ஹிஸ்டரி 06. நான் 67 போட்டேன். பேப்பர் ஒண்ணு 50 கேள்வி, ரெண்டு 100 கேள்வி, எல்லாம் சேத்து மூணு மணி நேரம், நெகட்டிவ் மார்க் இல்ல, அதனால ஒண்ணையும் விடாதீங்க. பொருத்துக, கால வரிசைப்படுத்துக ரெண்டும் நெறைய வரும். எந்த எடத்த யார் கண்டுபிடிச்சாங்க, யார் தோண்டினாங்கன்னு தெரியணும்: ஹரப்பா சாஹ்னி, மொகஞ்சதாரோ பானர்ஜி, லோத்தல் எஸ்.ஆர்.ராவ், தோலாவிரா பிஷ்ட், பிம்பேட்கா வாகங்கர்னு ஒரு நோட்ல மேப் வரைஞ்சு அதுமேலயே பேர் எழுதினேன், டேபிள் போட்டு படிச்சத விட அது தான் மண்டைல நின்னுது.

வேலை? கம்மி தான், மறைக்க ஒண்ணும் இல்ல. எம்.ஏ.வோட நிறுத்தாம மேல பட்டயப் படிப்புக்கு ட்ரை பண்ணுங்க, மாநில தொல்லியல் துறையிலயும் இருக்கு, மத்திய தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டால நடத்தறதும் இருக்கு. அந்த ரெண்டாவதுக்கு 2020ல வந்த அறிவிப்புல தகுதி மொழிகள்ல தமிழையே காணோம், இங்க எல்லாரும் கத்தினப்பறம் தான் சேத்தாங்க. அதனால நோட்டிஃபிகேஷன் வந்தா தகுதிப் பக்கத்த வரி விடாம படிங்க.

படிக்கும்போது போற அகழாய்வு கேம்ப் பத்தி சொல்லாமயே போறேன் பாருங்க. மூணு வாரத்துல நான் தோண்டினது கம்மி, ஓடு கழுவினது தான் ஜாஸ்தி. எழுத்தோ கீறலோ இருக்கற மாதிரி தெரிஞ்சா அழுத்தித் தேய்க்காதீங்க. கரித்துண்டு வந்தா கையால எடுக்காம ஃபாயில்ல சுத்தி ஆழத்த எழுதி வைங்க. மண்ணடுக்கு மாறுறது எனக்குக் கண்ணுக்கே தெரியல, குழில வேல பாத்த ஊர்க்கார அக்கா தான் "கொத்தற சத்தம் மாறுது தம்பி, கேளு"ன்னு காட்டிக் குடுத்தாங்க, மறுநாள் காலைல செக்‌ஷன்ல, அதாவது குழியோட பக்கச் சுவர்ல தண்ணி தெளிச்சுப் பாத்தா அவங்க சொன்ன எடத்துலயே கலர் மாறுது. தொப்பி, முழுக்கை சட்டை, பழைய டூத் பிரஷ் ஒரு அஞ்சாறு எடுத்துட்டுப் போங்க, மத்தவங்க எல்லாம் மறந்துட்டு உங்ககிட்ட தான் வந்து நிப்பாங்க.