கப்பி மீன் தொட்டி

செந்தூல் வீட்டு வரவேற்பறையில் இரண்டு வருடமாக ஒரு கப்பி மீன் தொட்டி இருக்கிறது. ஒரே ஜோடியில் தொடங்கியது. முதலில் குட்டிகள் ஏராளம். இப்போது ஈனுவது குறைந்துவிட்டது, சிலவற்றுக்கு முதுகு வளைந்திருக்கிறது. மகள் தினமும் எண்ணிப் பார்த்து வருத்தப்படுகிறாள்.

தண்ணீரும் காரணமாக இருக்கலாம். ஆனால் உறவுக்குள்ளேயே கூடுவதுதான் என் பெரிய சந்தேகம். அண்ணன் தங்கை கூடிப் பிறக்கும் குட்டிக்கு, சராசரியாக 25 விழுக்காடு மரபணுக்கள் தாய், தகப்பன் இரு பக்கமிருந்தும் ஒரே மூதாதை மரபணுவின் நகலாக வந்து சேரும். (மாமன் மகளைக் கட்டினால் பிள்ளைக்கு அது 6.25.) இரண்டு நகலும் பழுதாக இருந்தால், மறைக்க நல்ல நகல் இல்லாமல், மறைந்து கிடந்த பழுது அப்போது வெளியே தெரியும்.

கப்பியின் சொந்த ஊர்களில் ஒன்றான, கரீபியன் தீவு டிரினிடாட்டின் ஓடைகளில் கதை வேறு. பெண் மீன் பல ஆண்களோடு கூடும், விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும், ஒரே ஈற்றில் பல தகப்பன்மார் இருப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: கூட்டத்தில் அரிதான நிறமுள்ள ஆணுக்கே பெண்களிடம் மவுசு அதிகம். அந்த நிறம் பெருகிவிட்டால் மவுசும் போய்விடும். இத்தனை வண்ணங்கள் அழியாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சனிக்கிழமை பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) புது மீன் வாங்கப் போகிறோம். மகளுக்கு ஆரஞ்சு வால் வேண்டுமாம்.