குவாமாஷூவில் கேட்ட ராப்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வடக்கே குவாமாஷூ நகரியத்துக்குப் போகும் மினிபஸ் டாக்சி ஒன்றில், முதலில் ஒரு மஸ்காண்டிப் பாட்டும் அதைத் தொடர்ந்து பிக் ஜூலுவின் ராப் பாட்டும் ஒலித்தன. ஜூலு மொழி ராப்பின் வேர் நியூயார்க்கில் மட்டும் இல்லை என்பதை அந்தப் பயணத்தில்தான் தெளிவாக உணர்ந்தேன்.

மஸ்காண்டி என்பது, வேலை தேடி ஊரைவிட்டுச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போன ஜூலு ஆண்கள் கிட்டாரில் வளர்த்தெடுத்த இசை. தந்திகளின் மேல் விரல்கள் விரைந்தோடும் முன்வாசிப்போடு அது தொடங்கும். பாட்டின் நடுவே பாடகர் பாடுவதை நிறுத்திவிட்டு, தன் பெயர், குலம், பிறந்த ஊர், அங்கே ஓடும் ஆறு, ஊர்த்தலைவர் என அனைத்தையும் தாளம் தப்பாமல், மூச்சுவிடவும் இடமின்றிச் சொல்லிக்கொண்டே போவார். ஜூலு மன்னர் ஷாகாவையும் அவர் வழிவந்தோரையும் போற்றிய அரசவைப் புலவர்களின் இஸிபோங்கோ மரபுதான் இந்தப் பேச்சுக்கு அடிப்படை. டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்துப் பெர்க்வில்லில் பிறந்து, ஒரு காலத்தில் டாக்சி ஓட்டிய பிக் ஜூலு, அந்த வேகப் பேச்சையே ராப்பாக்கியிருக்கிறார் என்பது என் கருத்து. அவருக்கு முன்பே, குவாமாஷூவை அடுத்த ந்துஸுமாவிலிருந்து வந்த ஜூலுபாய் தாய்மொழியில் ராப் பாடிப் பெயர் பெற்றிருந்தார்.

1980களில் கேப் டவுனில் வேரூன்றிய தென்னாப்பிரிக்க ஹிப்-ஹாப்பில் ஆங்கிலமும் ஆப்பிரிகான்ஸுமே முதலில் ஓங்கியிருந்தன. ஜூலுப் பெருமைக்கோ வேறொரு சுமையும் இருந்தது. இனவொதுக்கல் அரசு மக்களை இனவாரியாகப் பிரித்து, குவாஜூலு என்ற தனி நிலப்பகுதியை உருவாக்கி ஆண்டது. 1990களின் தொடக்கத்தில் ஜூலு தேசியவாத இன்காதா கட்சியினருக்கும் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸாருக்கும் இடையே நடந்த மோதல்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அரசியல் இத்தனை காயப்படுத்திய ஓர் அடையாளத்தை, எவரையும் பகைக்காமல் பாட்டில் மீட்டெடுக்கும் இளைஞர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

அன்று மாலை குவாமாஷூவின் சிறிய அரங்கொன்றில் உள்ளூர் இளைஞர்கள் பாடினார்கள். அவர்களில் ஒருவர் தம் குலப்புகழை வரிசையாகச் சொல்லத் தொடங்கியதும், அதே குலத்து முதியவர்கள் விட்ட இடத்திலிருந்து சேர்ந்து சொன்னார்கள். அடுத்த வரியில் ஆறோ மலையோ வரவில்லை; தாம் வாழும் பகுதியின் எழுத்து வந்தது. 1950களின் இறுதியில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து கறுப்பின மக்களை வெளியேற்றிக் குடியமர்த்திய இந்நகரியத்தின் பகுதிகளுக்குப் பெயராக வாய்த்தவை வெறும் ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்தைத்தான் அவர் முன்னோர் பெயர்களுக்கு இணையாக வைத்து முழங்கினார். அப்பகுதிக்காரர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்து, அதே வரியை மறுபடியும் பாடச் சொன்னார்கள்.