இரண்டாவது டேக்

“தம்பி, இவரு நிஜமாவே செஞ்சாரா?”

முதல் டேக் முடிந்ததும் உத்தம சோழனாக நடித்தவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டது இவ்வளவுதான். தலையில் கிரீடம், கழுத்தில் வியர்வையில் ஒட்டிக் கிடந்த ஆரம், கையில் நான் எழுதிக் கொடுத்த சீன் பேப்பர். நாடக மேடையில் பல வருடம் நின்றவர். கேட்டுவிட்டு, பதில் வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதுண்ணே. நம்ம கதைக்குச் செஞ்சாரு.”

“அப்ப நான் எதை மனசுல வெச்சுக்கிட்டு உட்காரட்டும்?”

“செஞ்சதாவே வெச்சுக்குங்க.”

இந்தக் கடைசிப் பதிலைத்தான் இன்றுவரை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவசரத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். லைட் மாற்ற ஆள் காத்திருந்தது, அன்றைக்குள் இன்னும் நான்கு சீன் முடிக்க வேண்டியிருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் யோசிக்க நேரம் இல்லாததால் அப்படிச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

அந்த சீனில் மதுராந்தகனுக்கு, அதாவது பின்னாளில் உத்தம சோழன் என்று பட்டமேறியவருக்கு, வசனமே கிடையாது. அதை அப்படி வைப்பதற்கு நான் இரண்டு நாள் சண்டை போட்டிருந்தேன். சேனலில் கேட்டது நேரடியான கட்டளை: ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் உயிரோடு இருக்கக் கூடாது என்று மதுராந்தகன் வாயாலேயே சொல்ல வேண்டும், அதோடு எபிசோட் முடிய வேண்டும். முடியாது என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டது இது: கொலைச் சதிக்காரன் ரவிதாசனின் ஆள் இரவில் வருவான். “இன்னும் மூன்று இரவுகள், இளவரசே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். மதுராந்தகன் பதில் பேச மாட்டான். பக்கத்தில் எரியும் விளக்கின் திரியைத் தொடுவான். கட்.

‘தொடுவான்’ என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். திரியைத் தூண்டுவானா, உள்ளே இழுத்து அணைப்பானா என்று எழுதவில்லை. அவன் சம்மதித்தானா, வந்தவன் சொன்னது புரியாமல் உட்கார்ந்திருந்தானா என்பது பார்ப்பவர் மனசுக்கு விடப்பட வேண்டும் என்று நினைத்தேன். என் பங்குக்கு நியாயம் செய்துவிட்டதாகவும் நினைத்தேன்.

அந்த நியாயம் எனக்கு ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரிகாலன் கொலையைப் பற்றிக் கல்லில் நமக்குக் கிடைத்திருப்பது கொஞ்சம்தான். காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், ராஜராஜனின் இரண்டாவது ஆட்சியாண்டில், அதாவது 987 வாக்கில் வெட்டிய கல்வெட்டு. கரிகாலனைக் கொன்று ‘துரோகிகளான’ சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், இன்னொரு தம்பி பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராஜன் என்று பெயர் வருகிறது. பட்டப் பெயரைப் பார்த்தாலே சோழ அரசில் அதிகாரத்தில் இருந்தவர்கள் என்று தெரியும். நிலத்தைப் பறிக்கச் சொல்லும் அந்த ஆணை அவர்கள் சொத்தோடு நிற்கவில்லை. பிள்ளைகள், மனைவிமார், தாய்மாமன்கள், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று உறவு முறை போய்க்கொண்டே இருக்கிறது. முதல்முறை அந்த வரிகளைப் படித்தபோது அக்கா தங்கையைக் கட்டிய பாவத்துக்கு நிலத்தை இழந்தவனை நினைத்துக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். இத்தனை பேரைச் சொல்லும் கல் ஏன் கொன்றார்கள், யார் சொல்லிக் கொன்றார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உத்தம சோழன் பெயரை அந்தக் குற்றத்தோடு சேர்க்கவும் இல்லை.

பிறகு எப்படி அவர் மாட்டிக்கொண்டார்? திருவாலங்காட்டுச் செப்பேட்டால்தான். கரிகாலன் விண்ணுலகம் காணும் ஆசையில் போய்ச் சேர்ந்தான் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு, குடிமக்கள் அவன் தம்பி அருள்மொழியை, அதாவது பின்னாளைய ராஜராஜனை, அரசனாகும்படி வேண்டினார்கள், சிற்றப்பனான உத்தம சோழனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் மறுத்துவிட்டான் என்கிறது. இந்த ‘ஆசை’யைப் பிடித்துக்கொண்டுதான் வரலாற்று ஆசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்று ஆசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. எனக்கும் பண்டாரத்தார் பக்கம்தான் மனம் சாயும். அதே செப்பேடு, உத்தம சோழனே அருள்மொழிக்கு இளவரசுப் பட்டம் கட்டினார் என்றும் சொல்கிறது. ராஜராஜன் ஆட்சியில் உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் கோயில் நிர்வாகங்களைப் பார்க்கும் பொறுப்பில் இருந்திருக்கிறான். அண்ணனைக் கொன்றவன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ராஜா அந்த வேலையைக் கொடுப்பானா? துரோகியின் மச்சான்வரை நிலத்தைப் பிடுங்கிய ராஜா? அப்புறம் இன்னொன்று: ராஜராஜனின் மகன் ராஜேந்திரனின் இளமைப் பெயரும் மதுராந்தகன்தான். மதுரைக்கு எமன் என்று பொருள்படும் பட்டப் பெயர் அது, சோழ வீட்டில் யாருக்கும் வைக்கலாம். அதைப் பெரிய ஆதாரமாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டாலே உடம்பு கூசும் நிலைமை அந்த வீட்டில் இருந்திருந்தால், பெற்ற மகனுக்கு வைத்திருப்பானா?

இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் “செஞ்சதாவே வெச்சுக்குங்க” என்றேன்.

முதல் டேக்கில் அவர் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். தூதுவன் போன பிறகு வாசலையே பார்த்தார். ஏதோ சரியாகக் காதில் விழாதவர்போலப் புருவம் லேசாக நெரிந்தது. பிறகு கை தானாகப் போய்த் திரியைத் தூண்டியது. வெளிச்சம் கூடி முகத்தில் விழுந்தது. அதில் குற்றமும் இல்லை, நிரபராதி என்று கூவும் பாவனையும் இல்லை. இருட்டில் யாரோ என்னவோ சொல்லிவிட்டுப் போன ஒரு மனிதர், அவ்வளவுதான். நான் பேப்பரில் எழுதியது அதுதான்.

இரண்டாவது டேக் என் பதிலுக்குப் பிறகு எடுத்தது. இந்த முறை அவர் வாசலைப் பார்க்கவே இல்லை. தூதுவன் பேசும்போதே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். காலடிச் சத்தம் ஓய்ந்ததும் ஆள்காட்டி விரலால் திரியை எண்ணெய்க்குள் மெதுவாக இழுத்தார். சுடர் சுருங்கி அணைவதற்கு முந்தின நொடியில் உதடு ஒருமுறை துடித்தது. மானிட்டர் பக்கத்தில் நின்ற மேக்கப் உதவியாளர் பெண் “அய்யோ” என்றார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்க மாட்டேன். விரல் நுனியில் ஒட்டியிருந்த கரியை அவர் வேட்டியில் துடைக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

டைரக்டர் திரும்பிக் கேட்டார்: “ரைட்டர் சார், எது?”

“ரெண்டாவது.”

அதைச் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

நடிப்பு என்று பார்த்தால் இரண்டாவதுதான் சிறந்தது, அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. தொடர் என்றால் ஒரு கை கத்தியைப் பிடிக்க வேண்டும், ஒரு கை விளக்கை அணைக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் சாஸ்திரியையும் பண்டாரத்தாரையும் கொண்டுபோய் வைக்க முடியாது. சந்தேகப்பட்டவர் வரலாற்று ஆசிரியர், நான் ஒன்றும் கையிலிருந்து போடவில்லை. கற்பனை கலந்தது என்று தொடக்கத்தில் எழுத்தும் போட்டோம். இதையெல்லாம் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன், எனக்கு நானேயும் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் அந்த மனிதர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. அவர் கதையைக் கேட்கவில்லை. நிஜமா என்று கேட்டார்.

அந்த எபிசோட் போன பிறகு ஒருமுறை கோனேரிராஜபுரம் போயிருந்தேன். உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் பெயரால் எழுப்பிய கற்றளி, கல்லால் கட்டிய கோயில். சுவரில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிற்பம் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு தகப்பன் பத்து வயதுப் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். “இவங்க பிள்ளைதான்டா டிவியில விளக்க அணைச்சானே, அவன்.” பையன் கல்லை ஒரு தரம் பார்த்தான். “கொன்னவனா?” என்றான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார்.

நான் அந்தப் பையனிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படி எழுதியது நான்தான், யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. கணவரையும் இழந்து, கோயில் கோயிலாகச் செங்கல்லைக் கல்லாக மாற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாள் எழுப்பிய இடத்தில், அவர் பிள்ளையைக் கொலைகாரன் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். பேசாமல் இருப்பது சம்மதமாகிவிடுமா என்ற கேள்வியைத்தான் அந்த சீனில் எழுதியதாக நினைத்திருந்தேன்.

சேனலில் கேட்ட நேரடி வசனத்தையே கொடுத்திருந்தால் தேவலையோ என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. வசனமாக இருந்தால் ‘சினிமாத்தனம்’ என்று பாதிப் பேர் தள்ளியிருப்பார்கள். நான் சண்டை போட்டு வாங்கிய மௌனம்தான் அதை நம்ப வைத்தது. இதைச் சொன்னால் கூட வேலை பார்ப்பவர்கள், ரொம்ப யோசிக்கிறீர்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவருக்கு மானநஷ்டமா என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. மறுநாள் சரியில்லை என்று படுகிறது.

அந்த நடிகர் அண்ணனை அதற்குப் பிறகு வேறொரு தொடரில் பார்த்தேன். நலம் விசாரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார். அந்த சீனைப் பற்றி நானாக எடுத்தேன். “அதுக்குத்தான் தம்பி எனக்கு இந்த வேலையே கிடைச்சது” என்றார். முதல் டேக் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

“மொதல்ல ஒண்ணு எடுத்தோமா?”

எடிட்டிங்கில் இருந்த பையனிடம் விசாரித்துப் பார்த்தேன். அடுத்த ஷெட்யூலுக்கு இடம் வேண்டும் என்று அந்த மாத ஃபுட்டேஜை எப்போதோ அழித்துவிட்டார்களாம்.