ஜிப்ரால்டர் கேள்விக்கு எப்படிப் படித்தேன்

எம்.ஏ. வரலாறு படிக்கும்போது உள்தேர்வில் பிரிட்டன் வசமுள்ள ஜிப்ரால்டர் பற்றிப் 10 மதிப்பெண் கேள்வி வந்தது. 1704, 1713, 1779 என்று ஆண்டுகளை வரிசையாக எழுதிவைத்தேன். கிடைத்தது 4. கேட்டது இரண்டாம் உலகப்போர்; பழைய முற்றுகையிலேயே பாதிப் பக்கம் தீர்ந்திருந்தது.

அடுத்த முறை முதலில் வரைபடம் போட்டேன். 7 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த இடம். நடுவே 426 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை. வடக்கே ஸ்பெயின், தெற்கே ஜலசந்திக்கு அப்பால் மொராக்கோ. அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் நுழைய இதுதான் வாசல்.

பிறகு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: பாறையைக் குடைந்து எடுத்த கல் எங்கே போனது? 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ ஹிட்லர் பக்கம் சாய்ந்தால் ஜிப்ரால்டரில் இருந்த பிரிட்டிஷ் படை மாட்டிக்கொள்ளும். அதனால் பிரிட்டிஷ், கனடியப் பொறியியல் படையினர் பாறைக்குள்ளேயே மருத்துவமனை, கிடங்கு, தங்குமிடம், மின் நிலையம் எல்லாம் அமைத்தார்கள். வெட்டியெடுத்த கல்லை மேற்கே விரிகுடாவில் கொட்டி விமான ஓடுதளத்தை நீட்டினார்கள். 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய 'டார்ச்' நடவடிக்கைக்கு அந்த ஓடுதளத்தில்தான் விமானங்கள் நெருக்கி நிறுத்தப்பட்டன. நேச நாட்டுத் தளபதி ஐசன்ஹோவர் அந்தச் சுரங்கத்துக்குள் இருந்தபடியே அதை நடத்தினார். கல்லைத் தொடர்ந்து போனால் விடை தானாக வரிசைப்படும்.

ஊர் மக்களை விட்டுவிடாதீர்கள். பலர் விடுகிற பகுதி இது. எனக்கு மனதில் அதிகம் தங்கியதும் இதுதான். 1940 மே முதல் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என 13,000 பேருக்கு மேல் பிரெஞ்சு மொராக்கோவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூலை 3 அன்று அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபிர் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பற்படையை பிரிட்டன் தாக்கியது. அதோடு அங்கே அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. திரும்பி வந்தவர்களை மறுபடி கப்பலேற்றி லண்டன், மதீரா, ஜமைக்கா என்று பிரித்து அனுப்பினார்கள். லண்டன் போனவர்கள் தலைமேல் குண்டுமழை. கடைசிக் குழு ஊர் திரும்பியது 1951-இல்.

ஜிப்ரால்டரைப் பிடிக்க ஹிட்லர் போட்ட 'பெலிக்ஸ்' திட்டத்துக்கு இரண்டு வரி போதும்: 1940 அக்டோபர் 23, பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் ஹென்டாயேயில் ஹிட்லர்-பிராங்கோ சந்திப்பு, பிராங்கோ பிடிகொடுக்கவில்லை. 1943-இல் போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கி ஜிப்ரால்டரில் இறந்த விமான விபத்தைச் சுற்றியுள்ள சதிக் கதைகளில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

வரைபடம் போடும்போது ஓடுதளத்தை மேற்கே கடலுக்குள் நீட்டிப் போடுங்கள், பக்கத்தில் 'சுரங்கக் கல்' என்று எழுதுங்கள்.