ஊய்டாவின் மலைப்பாம்புக் கோயில்

பெனின் நாட்டின் கொட்டோனு நகரத்திலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஊய்டா வரும். மலைப்பாம்புக் கோயிலைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஊரின் கத்தோலிக்கப் பேராலயத்துக்கு நேர் எதிரேயே இருக்கிறது.

உள்ளே வட்டமான சிறிய அறை. தரையில் பாம்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மலைப்பாம்பு என்றதும் ஆட்டை விழுங்கும் உருவத்தை நினைக்க வேண்டாம். இவை பெரும்பாலும் நாலைந்து அடிதான், விஷமும் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கோயில்காரர் ஒன்றை எடுத்து என் தோளில் விட்டார். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. வயிற்றுச் செதில்கள் சட்டையைப் பற்றிப் பற்றி நகர்வது நன்றாகவே தெரிந்தது.

இரவில் இவற்றை வெளியே விடுவதுண்டு. இரை தேடிப்போய் யார் வீட்டிலாவது புகுந்துவிட்டால், அந்த வீட்டார் அடிக்காமல் மரியாதையோடு தூக்கி வந்து கோயிலில் சேர்ப்பார்கள்.

இந்தப் பாம்புத் தெய்வத்தின் பெயர் டாங்பே. 1727-ல் பக்கத்து அரசான டஹோமியின் படை ஊரைப் பிடித்தபோது, வீரர்கள் பாம்புகளைத் தூக்கிப் பிடித்து, தெய்வமென்றால் பேசித் தப்பித்துக்கொள்ளச் சொன்னார்களாம். பிறகு வெட்டிச் சுட்டுத் தின்றார்கள் என்று அக்கால ஆங்கிலேய வணிகர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அப்படியும் வழிபாடு அழியவில்லை.

கோயிலை விட்டு, அடிமைகளை நடத்திப்போன பாதையில் கடலை நோக்கி நடந்தேன். வழியில் 'மறதி மரம்' நின்ற இடம் இருக்கிறது. ஊரையும் பேரையும் மறக்கட்டும் என்று ஆண்களை 9 முறையும் பெண்களை 7 முறையும் சுற்ற வைத்தார்கள் என்பது இங்கே வழங்கும் கதை. இந்தத் துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

மறக்கவில்லை அவர்கள். இந்தக் கரையின் பாம்பு வழிபாடு, அவர்களோடு கடல் கடந்து, கரீபிய நாடான ஹைட்டியின் வூடூ சமயத்தில் டம்பாலா என்ற தெய்வமாக வேர்விட்டது. அவனுக்கு எல்லாமே வெள்ளை: வெள்ளைத் துணி, மாவுக் குவியல் மேல் வைத்த முட்டை. அவன் இறங்கிய ஆள் தரையில் நெளிந்து போவார். பேச மாட்டார், சீறுவார். எசமானர்கள் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்த காலத்தில், காலடியில் பாம்புகளோடு இருக்கும் புனித பேட்ரிக் படத்தை வைத்து இவனையே கும்பிட்டிருக்கிறார்கள். ஊசி குத்திய பொம்மைதான் வூடூ என்று சினிமாப் படங்கள் சொல்லித் தந்ததை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பலர் பாம்போடு போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் கடற்கரை வரை, கப்பலேற்றப்பட்டவர்களின் நினைவாக அங்கே நிற்கும் 'திரும்பாத வாசல்' வரை, நடந்துவிடுங்கள். நாலு கிலோமீட்டர்தான்.