84 நாள்: பரீட்சைக்குப் படித்த நாட்குறிப்பு

ஆகஸ்ட் 6, 2023, ஞாயிறு. ஹூஸ்டன்

இன்று மறுபடியும் புத்தகத்தைத் திறந்தேன். மனநல நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ், ஆவதற்கான பரீட்சையை மே மாதம் முதல் முறை எழுதினேன். தேறவில்லை. தேற 500க்கு 350 வேண்டும் என்பது பரீட்சை நடத்துகிறவர்கள் வைத்திருக்கும் அளவு. எனக்குக் கிடைத்தது 331. தோற்றவர்கள் 60 நாள் பொறுத்துத்தான் திரும்ப எழுத முடியும், 12 மாதத்துக்குள் மூன்று முறைக்கு மேல் முடியாது. அக்டோபர் 26க்கு இடம் பிடித்துவிட்டேன்.

175 கேள்வி, மூன்றரை மணி நேரம். அதில் 25 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது. பின்னால் வரும் பரீட்சைகளுக்காகச் சோதித்துப் பார்க்கிற கேள்விகள் அவை. எந்த 25 என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் உயிரைக் கொடுத்துத்தான் யோசிக்க வேண்டும்.

தேதியை எழுதும்போது கை நின்றுவிட்டது. 2001இல் இதே ஆகஸ்ட் 6 விடிகாலையில்தான் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஏர்வாடி பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அப்பா அந்த ரூட்டில் கண்டக்டராக இருந்தார். தர்காவுக்கு நோயாளிகளைக் கையில் கயிறு கட்டி அழைத்து வருவார்களாம். அப்பா அவர்களுக்கு ஜன்னலோரச் சீட்டு பிடித்துக் கொடுப்பார். "காத்துப் பட்டா கொஞ்சம் அமைதியா இருக்காங்க" என்பார். நான் இந்தப் படிப்புக்கு வந்ததற்கு அந்த ஜன்னலோரச் சீட்டுதான் காரணம்.

மாலையில் அம்மா பேசினாள். "அப்பா நம்பருக்கு 84 நாளுக்குப் போட்டாச்சு, தாயி." அப்பா போய்ச் சேர்ந்தது போன வருஷம் ஜூலையில். அவர் செல்போன் எண் செத்துப்போகக் கூடாது என்று அம்மா தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஏன் தோற்றேன் என்று இன்றுதான் பிடிபட்டது.

பயிற்சிக் கேள்வி ஒன்று. 58 வயதுக்காரர், மனநிலை ஏறி இறங்காமல் இருக்கக் கொடுக்கும் லித்தியத்தைப் பல வருஷமாகச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக ஒரு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இப்போது கை நன்றாக நடுங்குகிறது, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுகிறது. முதலில் என்ன செய்வீர்கள்? நான் யோசிக்காமல் தொட்ட விடை, 'மருத்துவரிடம் தெரிவிப்பேன்'. தப்பு. புது மாத்திரையால் உடம்பில் லித்தியம் மிஞ்சிவிட்டதன் அறிகுறிகள் இவை. லித்தியத்தை நிறுத்தி, உடனே ரத்தத்தில் அதன் அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், உப்புகளும் பார்க்க வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியவள் நான்தான்.

16 வருஷம் வார்டில் நின்ற பழக்கம் இது. ஏதாவது சரியில்லை என்றால் கண்டுபிடித்து மேலே சொல்வது எங்கள் வேலை. அதில் நான் தேர்ந்தவள். ஆனால் இந்தப் பரீட்சையில் 'மேலே' என்று யாரும் இல்லை. மருந்து எழுதும் கை என் கை. விடைகளில் 'தெரிவிப்பேன்' என்ற சொல்லைக் கண்டாலே இனி ஒரு நிமிஷம் நிதானிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நைட் ஷிஃப்ட் முடித்துக் காரை எடுக்கும்போதே வெயில் சுடுகிறது. இந்த மாதம் தினமும் 100 டிகிரிக்கு மேல். வார்டில் லித்தியம் சாப்பிடுகிறவர்கள் எல்லாரிடமும் தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். வியர்வையில் உப்பும் நீரும் போய்விட்டால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் 0.6 முதல் 1.2 வரை இருக்க வேண்டிய லித்தியத்தின் அளவு 1.5ஐத் தாண்டினால் நச்சு. வெயிலில் வேலை செய்து உடம்புவலிக்கு இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டால் அதுவும் ஏற்றும். மனப்பாடம் செய்தபோது தங்காத எண்கள், ஒருவர் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துச் சொன்னபோது தங்கிவிட்டன.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மனநோய்களை எப்படிக் கண்டறிவது என்று வரையறுக்கும் கையேடு டி.எஸ்.எம். அதன் திருத்திய பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது. அதில் புதிதாகச் சேர்ந்தது நீடித்த துக்கக் கோளாறு. பெரியவர்களுக்கு, இறப்பு நடந்து குறைந்தது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். இறந்தவரைத் தேடும் ஏக்கமோ அவர் நினைப்பிலேயே மூழ்குவதோ கடைசி ஒரு மாதமாவது ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். அதோடு எட்டு அறிகுறிகளில் மூன்று: தன்னில் ஒரு பாதி போய்விட்டதுபோல் உணர்வது, போய்விட்டார் என்று நம்ப முடியாமை, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, தாங்க முடியாத வேதனை, பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியாமை, மரத்துப்போன மனசு, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம், கடும் தனிமை.

எட்டையும் நோட்டில் எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அம்மா சொன்ன ஏதோ ஒரு வாக்கியம் எனக்குக் கேட்கிறது. "பாதி உடம்பு இல்லாத மாதிரி இருக்கு." "கோயிலுக்குப் போகப் பிடிக்கலை." "எதுக்கு இருக்கேன்னு தெரியலை, தாயி."

ரீசார்ஜ் செய்வது நோய் இல்லை. முதலாண்டுத் திதி கொடுத்த பிறகும் படத்துக்குப் பூப்போட்டுப் பேசுகிற ஊர் நம் ஊர்; அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அந்தப் புத்தகமே சொல்கிறது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

தொழிலாளர் தின விடுமுறை. சட்டப் பகுதி. டாரசாஃப் வழக்கு இல்லாமல் இந்தப் பரீட்சைக்கு யாரும் படிப்பதில்லை. பெர்க்லியில் 1969இல் கொலையான இளம்பெண் டாட்டியானா டாரசாஃப். கொன்றவர் இந்தியாவிலிருந்து படிக்க வந்த மாணவர். கொல்லப்போவதாக முன்பே தன் மனநல சிகிச்சையாளரிடம் சொல்லியிருந்தார். பல்கலைக்கழகப் போலீஸ் பிடித்து விசாரித்து விட்டுவிட்டது. அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பு சொன்னது.

நான் வேலை செய்யும் டெக்ஸாஸில் நிலைமை வேறு. 1999இல் தாப்பர் எதிர் செசுல்கா வழக்கில் இந்த மாநில உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு கடமையை ஏற்க மறுத்துவிட்டது. போலீஸிடமோ மருத்துவப் பணியாளரிடமோ சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. பரீட்சை நாடு முழுவதற்கும் ஒன்று என்பதால் அங்கே டாரசாஃப் விடைதான். மறுநாள் வேலைக்குப் போனால் டெக்ஸாஸ் சட்டம். இரண்டையும் தலையில் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். என் மனசு கலிஃபோர்னியா பக்கம்தான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். வார்டில் ஒவ்வொரு ஷிஃப்டிலும், தற்கொலை ஆபத்தைக் கண்டறியும் கொலம்பியா அளவுகோலின் கேள்விகளைக் கேட்கிறேன். ஆங்கிலத்தில் கேட்பதற்கு எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது. நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், கேட்பதுதான் பாதுகாப்பு என்று புதிதாக வரும் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான்.

இன்று காலை காருக்குள் உட்கார்ந்து தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'தற்கொலை எண்ணம் உள்ளதா' என்றால் செய்தித்தாள் வாசிப்பதுபோல் இருக்கிறது. 'தப்பா ஏதாவது தோணுதா' என்று கேட்டால், கேட்கும்போதே அது தப்பு என்று தீர்ப்பு சொன்னதாகிவிடும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சொல்லே இருந்ததில்லை. 'அபசகுனமாப் பேசாதே' என்பதுதான் இருந்தது.

எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். ஊரில் மாலை ஆறரை. நான் அப்பா எண்ணுக்குத்தான் அடித்தேன். அதைத்தான் அம்மா எப்போதும் மடியில் வைத்திருப்பாள்.

சாப்பாடு, மழை, தம்பி பையன் பள்ளிக்கூடம். அப்புறம் கேட்டேன்.

"அம்மா, செத்துப்போயிடலாம்னு நினைப்பு வருதா?"

பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது நின்று, மறுபடி தொடங்கியது. நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதும் படித்ததுதான்.

"படுக்கும்போது தோணும். காலைல முழிக்காம இருந்தா நல்லாருக்கும்னு."

கொலம்பியா அளவுகோலின் முதல் கேள்வி இதேதான்: தூங்கினால் எழுந்திருக்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்ததுண்டா? ராமநாதபுரத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து அம்மா அதை அப்படியே சொல்கிறாள். அடுத்த கேள்விகளையும் கேட்டேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. எப்படி, எப்போது என்ற யோசனை எதுவும் இல்லை. முன்பு முயன்றதில்லை.

"இதை யார்ட்டயும் சொல்லலையாம்மா?"

"யாரு கேட்டா?"

செப்டம்பர் 11, திங்கள்

நான் அவளுக்கு மகள்; சிகிச்சை செய்கிறவள் இல்லை. சொந்தக்காரர்களுக்கு மருந்து எழுதக் கூடாது என்று பரீட்சைப் புத்தகத்தில் இருக்கிறது. இருக்காவிட்டாலும் எனக்கு அது புரிந்தது, ஏனென்றால் நேற்று போனை வைத்த பிறகு என் கை நடுங்கியது.

பரமக்குடியில் இருக்கும் தம்பியிடம் பேசினேன். இந்த வாரமே அம்மாவை மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொன்னேன். அதுவரை ராத்திரி அவனோ அவன் வீட்டுக்காரியோ கூடப் படுத்துக்கொள்வார்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அவன் போனிலும் அம்மாவின் போனிலும் போட்டுவைக்கச் சொன்னேன். இந்திய அரசின் இலவச எண் அது, தமிழிலேயே பேசலாம். "அம்மாவுக்குப் பைத்தியமாக்கா?" என்று கேட்டான். "இல்லடா, துக்கம் ஆறாம நிக்குது" என்றேன். சரி என்றான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

டாக்டர் பொறுமையாகப் பேசினாராம். மாத்திரைக்கு முன்னால் தைராய்டும் பி12ம் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார். வயதானவர்களுக்கு முதலில் உடம்பைப் பார், பிறகு மனசைப் பார் என்று நான் இரண்டு மாதமாகப் படிப்பதை அவர் செய்திருக்கிறார். குறைந்த அளவில் ஒரு மாத்திரையும் வாரம் ஒரு முறை கவுன்சிலிங்கும். அம்மா பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரை உடம்பிலிருந்து உப்பை வெளியேற்றும் வகை. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கிவிடலாம். அதை டாக்டரிடம் சொல்லும்படி தம்பிக்குச் சீட்டில் எழுதி அனுப்பினேன். அவரும் ரத்தம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

படித்தது: மனநல மருந்துகளால் வரும் ஆபத்துகளான செரோடோனின் நோய்த்தொகுதிக்கும் நியூரோலெப்டிக் மலிக்னன்ட் நோய்த்தொகுதிக்கும் உள்ள வித்தியாசம். காய்ச்சலும் குழப்பமும் இரண்டிலும் உண்டு. முதலாவது சில மணி நேரத்தில் வரும். கால் துடிக்கும், வயிறு போகும். இரண்டாவதோ, நாள்கணக்கில் மெல்ல ஏறும். உடம்பு ஈயக்குழாய்போல் விறைக்கும். மனச்சிதைவுக்குக் குளோசபின் என்ற மருந்து சாப்பிடுகிறவர் திடீரென்று சிகரெட்டை விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வார்டுக்கு வந்து புகைக்க முடியாமல் போகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

அக்டோபர் 8, ஞாயிறு

150 பயிற்சிக் கேள்வி, 81 சதவீதம். மேயில் 66. 'தெரிவிப்பேன்' விடையைத் தப்பாகத் தொட்டது ஒரே ஒரு முறை.

அக்டோபர் 23, திங்கள்

சரஸ்வதி பூஜை. ஞாயிற்றுக்கிழமை பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய்வந்தோம். இன்று புத்தகம், நோட்டு, ஸ்டெதாஸ்கோப் எல்லாம் சாமி முன்னால் மஞ்சள் குங்குமத்தோடு இருக்கின்றன. பரீட்சைக்கு மூன்றே நாள். தொடக் கூடாது. மகள் "ஒரு அத்தியாயம் மட்டும் எடுத்துக்கோம்மா" என்றாள். எடுக்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள் படிக்காமல் இருக்கச் சொன்னவர்கள் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் படிக்கிறவர்களை நினைத்துத்தான் சொன்னார்களோ என்னவோ. மதியம் மூன்று மணி நேரம் தூங்கினேன்.

அக்டோபர் 26, வியாழன்

கல்யாண மோதிரம், நிச்சய மோதிரம் தவிர வேறு நகை கூடாது என்பது பரீட்சை மையத்தின் விதி. விடிகாலையில் தாலிச் சங்கிலியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் வைத்தேன். கழுத்து வெறுமையாக இருந்தது. அவர், "போய் எழுதிட்டு வா, இங்கேயே இருக்கும்" என்றார்.

பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்த்தார்கள். உட்கார்ந்ததும் லித்தியத்தின் எண்களை அழித்தெழுதும் தாளில் எழுதிவைத்தேன். மே மாதம் ஒரு மணி நேரம் மிச்சம் வைத்து எழுந்தேன்; இன்று கடைசி ஒன்பது நிமிஷம்வரை உட்கார்ந்திருந்தேன்.

வரவேற்பறையில் ஒரு தாளைக் கவிழ்த்துக் கொடுத்தார்கள். தேர்ச்சி. மதிப்பெண் போடவில்லை, தேறியவர்களுக்குப் போடுவதில்லை. காருக்குப் போய் அழுதேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

அம்மாவிடம் சாவகாசமாகப் பேசினேன். தூக்கம் பரவாயில்லையாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாளாம், பக்கத்து வீட்டு அத்தை கூட. காலையில் முழிக்க வேண்டாம் என்ற நினைப்பு இப்போது வருகிறதா என்று கேட்டேன். "ரெண்டு வாரமா வரலை. வந்தா சொல்றேன்."

பிறகு அவள் கேட்டாள். "என்கிட்ட கேட்டியே அந்தக் கேள்வி, பரீட்சையில வந்துச்சா?"

என்ன வந்தது என்று வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சொல்லக் கூடாதும்மா என்றேன்.

"சரி, சொல்லாதே. இன்னியோட 84 நாள் முடியுது, தாயி. கடைக்குப் போகணும்."

"நான் இங்கேருந்தே போட்டுவிடட்டுமா?"

"வேணாம். நானே நடந்து போயிட்டு வாரேன்."