புடு சிறை வாயிலருகே

13 ஜூன் 2024, வியாழன்

அண்ணன் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். மலாயாவில் 1948-ல் பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலம் ஏன் வந்தது என்று பள்ளிக்குக் கட்டுரை எழுத வேண்டுமாம். "சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்களைச் சுட்டார்கள், அதனால்தான் அத்தை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். 1948 ஜூன் 16, தேதி சரிதான். சுட்ட கம்யூனிஸ்டுகளுக்குத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பேசாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

14 ஜூன், வெள்ளி

துப்பாக்கி கொடுத்தது பிரிட்டிஷ்காரர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்கியதும், சிங்கப்பூரில் கம்யூனிஸ்டு இளைஞர்களுக்கு அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பியவர்கள் அவர்களே. மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை அப்படித்தான் வளர்ந்தது. 1945 டிசம்பரில் படையைக் கலைத்து, ஆளுக்கு 350 வெள்ளி (மலாயா டாலர்) கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவரான சின் பெங்குக்கு விருதும் கிடைத்தது. ஆயுதங்களில் ஒரு பகுதி மட்டும் ஒப்படைக்கப்படாமல் காட்டிலேயே தங்கிவிட்டது.

ஆயுதத்தைவிட ஆட்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காட்டுவழி தெரிந்தவன், அரிசி சேர்த்துத் தருகிறவன், அடித்தாலும் வாய் திறக்காதவன் என்று ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கோபம் எங்கள் ரப்பர் தோட்டங்களிலும் குறைவாக இல்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் ஒரு கோரிக்கை. சுடப்பட்டுச் செத்தார்கள். அப்போதும் அவர்கள் காட்டுக்குப் போகவில்லை. போவதற்கு அங்கே அவர்களுக்கென்று ஒரு படை இல்லை.

போருக்குப் பின் இருந்த நம்பிக்கை தொழிற்சங்கம். 1948 ஜூனில் சட்டத்தைத் திருத்தி, வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் ஒன்றாகச் சேர்வதைத் தடுத்தார்கள். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் அதோடு போயிற்று. வெளிச்சத்தில் வேலை செய்தவர்களுக்கு இருட்டைத் தவிர வேறு இடம் வைக்கவில்லை.

15 ஜூன், சனி

அம்மாவுக்கு 84 வயது. காஜாங் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவர். இன்று தானாகவே பேசினார். ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகத் தடை, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். முள்வேலி வாசலில் காவலர்கள் பால் வாளிக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். பாட்டி காப்பித்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வெட்டு முடியும்வரை பசியோடு நிற்பாராம். ஒரு நாள் விடியுமுன் மரங்களுக்கு நடுவே இரண்டு பேர் வந்து தாத்தாவிடம் அரிசி கேட்டிருக்கிறார்கள். "கொடுத்தாரா?" என்றேன். அம்மா வெகுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். "கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம்" என்று மட்டும் சொன்னார்.

16 ஜூன், ஞாயிறு

அண்ணன் மகளைக் கோலாலம்பூர் ஹங் துவா நிலையத்தில் இறக்கி, புடு சிறையின் பழைய வாயிலைக் காட்டினேன். சிறை இருந்த இடத்தில் இப்போது கடைகள். நாளை ஹஜ்ஜுப் பெருநாள், நல்ல கூட்டம். சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று இந்தச் சிறையில்தான் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றச்சாட்டு. நேரு அரசு கேட்டும் விடவில்லை.

"சங்கத்தைத் தடை செய்யாவிட்டால் சண்டையே வந்திருக்காதா அத்தை?"

வந்திருக்கும் என்றேன். கம்யூனிஸ்டுக் கட்சித் தலைமை 1948-ன் தொடக்கத்திலேயே ஆயுதப் பாதையை நோக்கித் திரும்பிவிட்டது. ஆனால் இத்தனை பேர் பின்னால் போயிருக்க மாட்டார்கள், 1960 வரை இழுத்திருக்காது என்பது என் எண்ணம். அவள் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். வெயிலில் சுட்டிருக்க வேண்டும், உடனே எடுத்துக்கொண்டாள்.

ரயிலில் வரும்போது கேட்டாள், கட்டுரைக்கு ஒரு பக்கம்தான் கொடுத்திருக்கிறார்கள், 1941-லிருந்து தொடங்கினால் இடம் போதுமா என்று. சின்ன எழுத்தில் எழுது என்றேன்.